முதல்ல கால்

உதவிப் பயிற்சியாளர் வேலை கேட்டு வந்தவளை, நாற்காலியில் இருந்த மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். அவளுக்கு நாற்பது வயதிருக்கும்.

"குத்துச்சண்டைக்கு முதல்ல கால். நகர்ந்து காட்டும்மா."

முன்வைத்த கால் நகர, பின்கால் தொடர்ந்தது. ஒருமுறைகூடப் பின்னிக்கொள்ளவில்லை.

அடுத்து, அங்கே கற்றுத்தரும் இன்னொரு கலையான தரைப்பிடிச் சண்டை. மூத்த மாணவி அவளை மல்லாக்கத் தள்ளி மேலே உட்கார்ந்து அமுக்கினாள். இவள் அந்தப் பெண்ணின் ஒரு கையையும் காலையும் பூட்டி, இடுப்பைத் தூக்கிப் புரட்டினாள். இப்போது மேலே இவள்.

"எந்த மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார்? மறைச்சா வேலை கிடையாது."

அவள் மூலையிலிருந்த மாப்பை எடுத்து, சிந்திய வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க, மாஸ்டர்."

பழக்கத்தில் தூக்கிய கால் அப்படியே நின்றது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆறு வருடமாக இந்தத் தரையைத் துடைத்தபடி தினமும் அதையே சொன்ன குரல்.

"தரை துடைக்க வேற ஆள் பார்க்கணும்" என்றார் மாஸ்டர்.