ஒரு மணிக்கு வராத மெயில்

அலாரம் அடித்தது. எழுந்தான். குளித்தான். சமைத்ததை டப்பாவில் அடைத்தான், கதவைப் பூட்டினான், பஸ் ஏறினான். அலுவலகத்தில் அவன் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"புதுசா பிடிச்ச ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் போன்ல கிழிச்சு எடுத்துட்டார்ப்பா. நேத்து மதியம் ஃப்ரீசர் நின்னு போச்சுன்னு உனக்கு மெயில் போட்டிருக்கார். நீ பார்க்கிறதுக்குள்ள அங்க ஐஸ்கிரீம் ஆறா ஓடிடுச்சாம்."

"மெயில் வந்தா டிங்னு சத்தம் வரும் சார். வரல."

"இன்னொரு தடவை வரலைன்னா அவர் வேற கம்பெனிக்குப் போயிடுவார். நீ குடோனுக்குப் போயிடுவ."

ஃப்ரீசர் உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி அது. ஆர்டர் மெயில் பார்ப்பது அவன் வேலை. குடோனில் ஃபேன்கூடக் கிடையாது. நெட்வொர்க் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டான்.

போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், வாய் ஓயாது. ஸ்பீக்கரைத் தட்டினாள், மெயில் செட்டிங்கைக் குடைந்தாள், தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினாள். டிங். இன்னொன்று. டிங்.

"கம்ப்யூட்டர் கல்லு மாதிரி இருக்கு சார். காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

பக்கத்து மேஜையில் பார்சல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங் அண்ணன் சிரித்தார்.

எந்த நேரத்தில் தாமதமாகிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால், எல்லாம் சாப்பாட்டு வேளையில்தான். முன்பெல்லாம் டப்பாவைத் திறந்தாலே டிங் டிங் என்று வந்து, பாதிச் சாப்பாடு அப்படியே வீடு திரும்பும். கொஞ்ச காலமாக அந்தத் தொல்லை இல்லை. உலகமே திருந்தி, மதியத்தில் சாப்பிடுகிறது என்று நினைத்திருந்தான்.

ஒரு மணிக்கு மறுபடி வந்தாள். 'வந்துச்சா?' என்று தலைப்பிட்டு மெயில் அனுப்பினாள். சத்தமில்லை. 'இப்ப?' அதற்கும் இல்லை. 'சார் எனக்குப் பசிக்குது' என்பதும் வந்து சேரவில்லை. அண்ணனின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் மட்டும் அனுப்பிய கையோடு டிங் என்றது. கிண்டலை நிறுத்திவிட்டு, லேப்டாப்பில் ஃபயர்வாலைத் திறந்தாள். வெளியிலிருந்து வருவதை எல்லாம் வாசலில் நிறுத்தி, எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவல்காரன் அது.

"சிக்கிடுச்சு. ஒரு மணியிலேர்ந்து ஒண்ணே முக்கால் வரைக்கும் இந்த ஒரு சீட்டுக்கு மட்டும் மெயிலை விடாதேன்னு போட்டு வெச்சிருக்காங்க. லைன் கட் ஆனதே உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கும். கைதவறிப் பண்ணினது இல்ல சார். உட்கார்ந்து யோசிச்சுப் பண்ணியிருக்காங்க."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முன்னாடி இருந்த மேடம் வேலைதான் இது. ஒயரைக்கூட கலர் கலரா பிரிச்சுக் கட்டி வெச்சிருக்காங்க, அவங்க போய் இப்படியா?"

அண்ணன் இருமினார். அவள் கவனிக்கவில்லை. இப்போதே அழித்துவிடுவதாகச் சொன்னாள்.

"வேண்டாம்" என்றான்.

அந்த நேரத்தில் தனக்கு வரும் ஆர்டர்கள் அண்ணனின் கம்ப்யூட்டருக்கும் போகும்படி செய்யச் சொன்னான். அண்ணன் பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிடுவார். ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர் தலையாட்டினார். அவள் நாலு தட்டு தட்டினாள்; வேலை முடிந்தது. முடிந்த சூட்டோடு அண்ணனின் கம்ப்யூட்டர் டிங் என்றது. ஐஸ்கிரீம் கம்பெனி. ஒரு மோட்டார் வேண்டுமாம். அண்ணன் எழுந்து பெட்டியைத் தேடிப் போனார். மேனேஜர் தன் அறைக் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்ப உங்க சீட்டு?" என்றாள்.

"அப்படியே இருக்கட்டும்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மேடத்துக்கு உங்க மேல அப்படி என்ன சார் கோபம்? அவங்களை என்ன பண்ணீங்க?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

சிரித்துவிட்டாள். "இப்ப எந்தக் கம்பெனில இருக்காங்க? நான் போன் போட்டுக் கேட்கிறேன்."

மோட்டார் பெட்டியோடு திரும்பிய அண்ணன், வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. இப்போது அவள் உட்காரும் நாற்காலி எப்படிக் காலியானது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் டப்பாவைத் திறந்தான். மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்து அவள் பக்கம் தள்ளினான். "பசிக்குதுன்னு மெயில் போட்டியே."

இருவரும் சாப்பிட்டார்கள். டப்பா காலியானது. ஒன்றே முக்காலுக்கு அவள் அனுப்பிய மூன்று மெயில்களும் வரிசையாக வந்து டிங் டிங் டிங் என்றன. அவன் சிரித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் மனைவி கடைசியாகச் சொன்னதை, வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்: "நீ டப்பாவைக் காலி பண்ணு, மெயிலை நான் பாத்துக்கறேன்."