காற்று வாங்கிய யூரியா

தூர் கட்டும் பருவத்தில் பசியால் மஞ்சளடித்து நின்றது ஒரு நெற்பயிர். விவசாயி சங்கிலிமுத்து விசிறிய யூரியா அதன் காலடியில் வந்து விழுந்தது.

"அண்ணே, சீக்கிரம் சேத்துக்குள்ள இறங்குங்க. வேர் காத்துக்கிட்டிருக்கு" என்று பயிர் கெஞ்சியது.

"வெள்ளைச் சட்டை அழுக்காயிடும் தம்பி. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்றது யூரியா.

உச்சி வெயில் ஏறியது. ஈர மண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்த யூரியா கரைந்து, அம்மோனியா நெடியாகிக் காற்றோடு கிளம்பிவிட்டது. வேருக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை.

வரப்பில் நின்ற சங்கிலிமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பூரித்துப்போனார். "அடேயப்பா, என்னா காரம்! உரம் நல்லா வேலை செய்யுது!"

பயிர் பக்கத்துப் பயிரிடம் சொன்னது: "இந்தப் போகம் இவரு மூக்குலதான் கதிர் விடும் போலிருக்கு."