துப்பாக்கிக்கு இரண்டு ஆடு

பள்ளிக்கூடத் திடலில் குவிந்து கிடந்த நாட்டுத் துப்பாக்கிகளை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இத்தனையா?

போன வருஷம் மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் போன அவள் புருஷன், நெஞ்சில் பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டுகளோடு செத்துக் கிடந்தான். அப்போது இந்த மலையில் துப்பாக்கி என்று ஒன்றே கிடையாது. போலீஸ் கேட்டதற்கு ஊரே ஒரே வாயாக அப்படித்தான் சொன்னது. வெளியூர்க்காரன் எவனோ சுட்டுவிட்டான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டிருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. பன்றி விழுந்ததும், சுட்டவன் 'என் வெடி' என்று உரக்கச் சொல்லவேண்டும். தலைக்கறி அவனுக்கு. ஒரே பன்றிக்கு நாலு பேர் சொந்தம் கொண்டாடிச் சட்டையைப் பிடித்ததும் உண்டு.

அன்றைக்கு மட்டும் ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு வழக்கு வேண்டாம், ஜெயில் வேண்டாம். யார் என்று தெரிந்தால் போதும். தெரியாததால் ஊரில் எவன் சிரித்தாலும் இவனோ என்று வயிறு எரிந்தது.

கொழுந்தன் தீர்த்தன் மட்டும்தான் ஆறுதல். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று, அவள் கேட்காமலே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன். அவளுடைய காட்டையும் சேர்த்தே உழுதான்.

இப்போது போலீஸ் தண்டோரா போட்டது. திடலில் போட்டுவிட்டுப் போங்கள், பெயர் கேட்கமாட்டோம், வழக்கு கிடையாது.

விடிந்து பார்த்தால் இந்தக் குவியல்.

ஜீப்பில் வந்த அதிகாரி ஊரை மனதாரப் பாராட்டினார். வேட்டையை விட்டால் பிழைப்புக்கு வழி வேண்டுமல்லவா? அரசாங்கம் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு ஆடு தரும். அவரவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரிசையில் வரலாம்.

கூட்டம் கொஞ்சம் நெளிந்தது.

பிறகு ஊர்த்தலைவர் போய் ஒன்றை எடுத்தார். அவ்வளவுதான். எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். கட்டையைத் தடவி, குழலை மோந்து, இது என்னுது, அது உன்னுது என்று பிடுங்கிக்கொண்டார்கள்.

வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

துப்பாக்கி இல்லாத அவள் வீட்டுக்கு ஆடு கிடையாது. நியாயம்தானே.

குவியல் கரைந்தது.

ஒன்று மட்டும் கிடந்தது.

இது யாருடையது என்று அதிகாரி கேட்டார். மறுபடியும் கேட்டார். இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும்.

அவள் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆணின் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வேலியோரம் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு நின்றான்.

தீர்த்தன்.

பொட்டு நிலமும் மூன்று பிள்ளைகளும் உள்ளவன். இரண்டு ஆடு என்றால் அவனுக்கு ஒரு வருஷத்துச் சோறு.

அவள் நடந்துபோய் அவன் எதிரில் நின்றாள். அவன் நிமிரவில்லை.

"ஏன் தம்பி," என்றாள். "ஒனக்கு ஆடு வேணாமா?"