பாதம் கழுவும் ஞாயிறு

சுச்சாவா நகரில் அவர்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் பெண்கள் ஒருவருக்கொருவர் பாதம் கழுவிவிடுவார்கள். லவீனியா இந்த முறையும் கடைசி பெஞ்சுக்கு நழுவினாள். ஆனால் டோம்னிகா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அவளைத்தான் கூப்பிட்டாள்.

"வாடி, ஸ்டாக்கிங்ஸைக் கழட்டு. மாசா மாசம் உன்னைத் துரத்திப் பிடிக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு."

"வேற யாருக்காவது கழுவுங்கக்கா."

"ஏன், உருளைக்கிழங்குத் தோட்டத்துச் சேறு இன்னும் போகலையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பாதத்தில் பட்டதும் லவீனியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. குனிந்து காதருகே சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு உங்களை இடிச்ச கார் என்னுது. இறங்கிப் பார்த்தேன். பயந்து ஓடிட்டேன்."

டோம்னிகாவின் கைகள் நிற்கவில்லை.

"தெரியும். ரோட்டுல கிடந்தப்ப எனக்கு உன் முகம் தெரியலை. செருப்புல இந்தக் கோணல் சுண்டுவிரல்தான் தெரிஞ்சுது. இங்க முதல் தடவை கழுவினப்பவே கண்டுபிடிச்சுட்டேன்."

இத்தனை மாதமும் தன் பாவத்தை மறைத்துவிட்டதாக லவீனியா நினைத்திருந்தாள். அது இந்தக் கைகளில்தான் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா கழுவினீங்க?"

"முதல்ல கை கூசிச்சு. கர்த்தர்கிட்ட சண்டை போட்டேன். அப்புறம்தான் மன்னிக்க முடிஞ்சுது." துண்டால் விரலிடுக்கைத் துடைத்தாள். "நாளைக்குப் போலீஸ்ல சொல்லிடு. அதை நீதான் சொல்லணும். நான் கூட வர்றேன்."

லவீனியா தலையசைத்தாள். இப்போது அவள் கழுவ வேண்டும். தரையில் மண்டியிட்டாள்.

டோம்னிகா பாவாடையைச் சற்றுத் தூக்கி, செயற்கைக் காலை ஓரமாக நகர்த்திவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைப் பாதத்தை அவள் கையில் வைத்தாள்.