ஜிப்பாப் பையில் ரெகுலேட்டர்

கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் தில்லைநாயகி எந்தக் கல்யாணத்துக்கும் போவாள். மனநல டாக்டரம்மா சொன்னபடி, இன்றுதான் முதல்முறையாக அதைத் தொடாமல் கிளம்பியிருந்தாள்.

பந்தியில் கணவரிடம் மெல்லக் கேட்டாள். "வீடு பத்திக்கிட்டிருக்குமோங்க?"

'இருக்காது' என்று ஆறுதல் சொல்லக் கூடாது என்பது சேதுராமனுக்கு டாக்டரம்மா போட்ட கட்டளை. இலையைப் பார்த்தபடி, "இருக்கலாம்" என்றார்.

அவள் வாசலைப் பார்த்தாள். எழுந்து ஓடவில்லை. பயம் தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டாள்.

கை கழுவும்போது அவருடைய ஜிப்பாப் பை புடைத்திருப்பதைப் பார்த்தாள். கைவிட்டு எடுத்தால், ரெகுலேட்டர்.

"நீ பயந்துட்டா குடுக்கலாம்னு..." என்று இழுத்தார்.

அதை அவர் பையிலேயே போட்டுத் தட்டிக்கொடுத்தாள். "வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்ட நீங்க முதல்ல உள்ள போங்க."