விலங்கியல் தாள்

தொழில்முறைக் கூடைப்பந்து அணியொன்று ஒப்பந்தம் போட்டு அழைத்ததால், இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டான் தவசீலன். சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் போனபோது மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐந்து தாளிலும் அறுபத்திரண்டு. போட்டி போட்டியாக அலைந்ததில் நான்கு பரீட்சைக்கு அவன் போகவே இல்லை. விலங்கியலை மட்டும் இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்து எழுதியிருந்தான்.

"எழுதாததுக்கும் மார்க் போட்டிருக்கீங்களே சார்?"

"நம்ம காலேஜுக்குக் கப்பு வாங்கித் தந்த பிள்ளைல்லா. உனக்குப் போடாம யாருக்குப் போட?" என்று சிரித்தார் கிளார்க்.

தவசீலனின் விரல் விலங்கியலுக்கு நேரே இருந்த அறுபத்திரண்டில் நின்றது. வாசலில் அணியின் கார் ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

"அந்த விலங்கியல் தாளை மட்டும் யாரையாவது திருத்தச் சொல்லுங்க சார். இருந்து வாங்கிட்டுப் போறேன்."