ஆறாவது எண்

நல்லகாமன் இறந்து நான்கு மாதமாகிறது. மேலூர் ஆணிக்கடையின் ஜி.எஸ்.டி. பதிவு இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. இன்றைக்கு அதை ரத்து செய்து, தன் பெயரில் எடுத்துவிடுவது என்று மனைவி அன்னக்கொடி உறுதியாக இருந்தாள்.

ஆடிட்டர் போனில் கேட்டார். "ஓ.டி.பி. அண்ணே நம்பருக்குப் போயிருக்குக்கா. ஆறு எண்ணும் வந்துருச்சா?"

அந்த போன் மறதியில் அவர் சட்டைப்பையிலேயே இருந்து, சிதையோடு எரிந்துபோனது. ஆனால் அவர் போனதிலிருந்து மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டன் போடும்போது நடப்பதுபோல, கடையின் காலி எடைமெஷின் திரையில் ஓ.டி.பி. எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்று ஐந்தோடு நின்றுவிட்டன.

அன்னக்கொடி மெஷின் பக்கம் குனிந்தாள்.

"கடைய நான் பாத்துக்கிருவேன். மிச்சத்தையும் சொல்லுங்க."

ஆறாவது எண் வந்தது. அவள் அதை வாசித்து முடித்ததும், மெஷின் பூஜ்யத்துக்குத் திரும்பியது.